தலைக்கு இவ்வளவு

இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட அங்குள்ள கடைவீதிகளைப் பார்ப்பவர்கள் பாமரர்கள். விவரமறிந்தவர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுப்பார்கள். அந்தக் கணக்குப்படி 2022-இல் அயர்லாந்துக்காரர் ஜெர்மானியரைவிட ஏறத்தாழ இரு மடங்கு செழிப்பானவர். வழியும் எளிதுதான். 2015-இல் பன்னாட்டு நிறுவனங்கள் சில, காப்புரிமை முதலான சொத்துகளைக் குறைந்த வரி தேடி அயர்லாந்துக்கு மாற்றின; குத்தகை விமானங்களும் அந்நாட்டுக் கணக்கேடுகளில் வந்து இறங்கின. ஒரே ஆண்டில் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்துவிட்டது. காலமெல்லாம் கார் செய்தும் எஃகு உருக்கியும் வியர்வை சிந்தும் ஜெர்மானியர்களுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடவே இல்லை.

டப்ளினில் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லையே என்று சிலர் முனகுவார்கள். காப்புரிமைக்கு வீடு எதற்கு? மக்கள் உண்மையில் நுகர்வதை அளந்தால் ஜெர்மனிதான் மேலே நிற்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். உண்பதும் உடுப்பதும் அவரவர் சொந்த விஷயம்; அதைப் பொருளாதாரத்தில் கலக்கக் கூடாது. நோபல் பரிசு பெற்ற பால் க்ருக்மன் அந்த ஓராண்டு வளர்ச்சியை 'லெப்ரகான் பொருளாதாரம்' என்று அயர்லாந்துக் கதைகளில் வரும் குறளியின் பெயரால் கேலி செய்தார், வயிற்றெரிச்சல். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு இந்தக் காப்புரிமை, விமானக் கணக்குகளைக் கழித்துத் தனிக் கணக்கு ஒன்று போட்டது, தன்னடக்கம். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் துளியும் ஐயப்படவில்லை. வருமானத்துக்கேற்ற சந்தாவை உடனே உயர்த்திக் கேட்டது. அதை மட்டும் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது.