பிசினஸ் கிளாஸ் அண்ணாச்சி

ஆலங்குளத்தில் யாராவது வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டால், விஷயம் அண்ணாச்சி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். பொறாமைப்படுவார் என்ற பயமில்லை. அவர் கேட்கிற முதல் கேள்விக்குத்தான் பயம்.

"எவ்வளவுக்குப் போட்ட?"

தொகையைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். துட்டி வீட்டுக்கு வந்தவர் மாதிரி சற்று நேரம் பேச மாட்டார். பிறகு, "சரி, போனது போகட்டும். சீட்டு எது?" என்பார்.

"அது அவங்களே குடுப்பாங்க அண்ணாச்சி."

"குடுப்பாங்க, குடுப்பாங்க. கக்கூஸ் கதவை ஒட்டிக் குடுப்பாங்க."

இந்த விசாரணையிலிருந்து தப்பிக்க ஊர் கண்டுபிடித்திருக்கும் ஒரே வழி, "கம்பெனியில போட்டுக் குடுத்தாங்க" என்பதுதான். அடுத்தவன் காசில் போகிறவனிடம் அண்ணாச்சிக்குப் பேச எதுவும் கிடையாது.

அண்ணாச்சி அரசு சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970-ல் தொடங்கிய அந்த ஆலையின் சங்குச் சத்தத்தில் வளர்ந்த ஊர் இது. மகள் ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பயணம். ஆனால் டிக்கெட் தேடல் தினசரி உண்டு. காலையில் பேப்பர், காபி, அப்புறம் விமானக் கட்டணம். போக வேண்டிய அவசியமே இல்லாத ஊர்களுக்குக்கூட என்ன விலை என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

ஜன்னல் சீட்டு ஞானம் அவருக்கு விமானத்தில் வந்ததல்ல, பஸ்ஸில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த தலைமுறை அவருடையது. அதிலும் கண்ட இடத்தில் போட மாட்டார். காலை வண்டி வடகிழக்காகப் போகிறது, வெயில் வலப்பக்கம் அடிக்கும், ஆகவே துண்டு இடப்பக்கம்தான். இன்று மதுரையிலிருந்து காலையில் சென்னைக்குப் பறக்கும்போதும் அதே கணக்கில் ஏ சீட்டைத்தான் எடுக்கிறார். "அன்னைக்குத் துண்டு ஓசி. இன்னைக்குத் துண்டு போடவும் காசு கேக்கான்" என்பதுதான் அவருடைய ஒரே மனக்குறை.

2003-ல் ஏர் டெக்கான் பறக்க ஆரம்பித்து, பிறகு ஒரு ரூபாய்க்கு டிக்கெட் என்று அறிவித்த காலத்தில் பிடித்தது இந்த டிக்கெட் காய்ச்சல். அன்று அவர் பறக்கவில்லை. ஒரு ரூபாய்க்குப் போயிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் தங்கிவிட்டது. 2020 மார்ச்சில் ரயில்வே முதியோர் சலுகையை நிறுத்தியதும் காய்ச்சல் முற்றியது. ஆணுக்கு நாற்பது சதவீதம், பெண்ணுக்கு ஐம்பது சதவீதம் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கீழ நிறுத்துனத மேல வாங்கிக்கிடுதேன்" என்று சபதம் போட்டார். மேலே என்றால் சாதாரண மேலே இல்லை. பிசினஸ் கிளாஸ்.

"நமக்கு என்ன பிசினஸ் இருக்கு?" என்று அவர் மனைவி, ஆச்சி கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் அதற்குள் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

ஒரே வரிசை, ஒரே மெத்தை, ஒரே சாப்பாடு. ஆனால் விலை மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒரே வகுப்புக்குள்ளேயே ஆங்கில எழுத்துகளால் பல விலைப் படிகள் வைத்திருக்கிறார்கள். ஜே என்றால் பெரும்பாலும் முழு விலை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இசட், பி மாதிரி எழுத்துகள் பல கம்பெனிகளில் தள்ளுபடிப் படிகள். ரத்து செய்தால் வலிக்கும். மலிவுப் படியில் இருக்கிற சில சீட்டுகள் தீர்ந்ததும் விலை அடுத்த படிக்கு ஏறிவிடும். சீட்டு காலியாகவே கிடந்தால் சில கம்பெனிகள் சாதாரண வகுப்புப் பயணிகளிடம் ஏலமும் கேட்கும். பல கம்பெனிகள் பதினோரு மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடுகின்றன. அண்ணாச்சி அன்றே போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இறங்கும்" என்று திரும்பி வந்துவிடுவார்.

அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு கொழும்பு. வான்வழியில் மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். சென்னைக்கு நானூறு கிலோமீட்டருக்குக் கூடுதல், கொழும்புக்கு முந்நூற்று ஐம்பது சொச்சம். பயணம் தொடங்குகிற ஊரைப் பொறுத்து டிக்கெட் விலை மாறும். கொழும்பில் தொடங்குகிற பிசினஸ் கிளாஸ் பல சமயம் நம் ஊர் விலையைவிடக் குறைவு. ஆகவே வடமேற்கே இருக்கிற ஜெர்மனிக்குப் போக, அண்ணாச்சி முதலில் தென்கிழக்கே போனார். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது பறந்துவிட்டால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இலங்கைக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். இத்தனை இடரும் அவருக்கு மிச்சத்தின் ருசியைக் கூட்டத்தான் செய்தன. ஆச்சிக்குத்தான் கொழும்பில் பால்கோவா டப்பாக்களை எண்ணி எண்ணிக் கை ஓய்ந்துபோனது.

நவம்பரில் வருகிற பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் ஒரு சிக்கல் உண்டு. விலை குறைந்த நேரம் வெள்ளிக்கிழமை பத்தரை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். பணம் கட்டும் பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்ததும் அமுக்கினார். விலை ஒரு படி ஏறியிருந்தது. "ராகு காலத்துல போட்டிருந்தா இதைவிடப் பெருசா போயிருக்கும்" என்று அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சீட்டுப் படலம் தனி. எட்டாம் வரிசை கூடாது. கூட்டினால் எட்டு வரும் பதினேழும், இருபத்தாறும் கூடாது. லுஃப்தான்சா விமானங்களில் 13-ம் வரிசையும் 17-ம் வரிசையும் கிடையாது, இத்தாலிக்காரர்களுக்குப் பதினேழு ஆகாது என்று தெரிந்த அன்று, வெள்ளைக்காரனுக்கும் கூட்டல் தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்தார். முதல் வரிசையில் தொட்டில் மாட்டுவார்கள், குழந்தை அழும். அவசர வழிக்கு முந்தின வரிசை பெரும்பாலும் சாயாது. பழைய போயிங் 777 சிலவற்றில் பிசினஸ் கிளாஸிலும் இரண்டு, மூன்று, இரண்டு என்று சீட்டு இருக்கும், நடுவில் மாட்டினால் கொடுத்த காசு வீண். இவ்வளவும் பார்த்துச் சீட்டை எடுப்பார். எடுத்த பிறகு கம்பெனி விமானத்தையே மாற்றும். மறுபடி முதலிலிருந்து.

முன்சீட்டு விஷயத்தில் ஒருமுறை அவருக்குச் சறுக்கியது. சென்னையிலிருந்து ஊர் திரும்ப, சீக்கிரம் இறங்கலாம் என்று கூடுதல் காசு கட்டி முதல் வரிசை வாங்கினார். வந்தது ஏடிஆர் விமானம். விசிறி வைத்த அந்தச் சின்ன விமானத்தில் பயணிகளுக்கான கதவு பின்னால் இருக்கிறது. முன்னால் சரக்கு அறை. கடைசி வரிசைக்காரர்கள் இறங்கிப் பெட்டி வாங்கப் போன பிறகும் அண்ணாச்சி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "பஸ்ஸுல பின்வாசல் பக்கத்துச் சீட்டுக்கு யாராவது துண்டு போடுவானா?" என்று இன்றுவரை கேட்கிறார்.

ஒருவழியாக ஃபிராங்ஃபர்ட் பயணத்தில் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டனைத் தட்டினால் படுக்கையாகிறது. சூடான துண்டு வருகிறது. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, பழரசம் குடித்து, இரண்டாவதும் வாங்கினார். அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி விலைக்கு வாங்கியது, முழு விலை கொடுத்த ஒருவருக்குத் தெரிந்தால்தானே நிறைவு?

பக்கத்துச் சீட்டில் ஒரு தமிழ்ப் பையன். "தம்பி, எவ்வளவுக்குப் போட்டீங்க?"

"நான் எகானமிதான் சார். அங்க ஓவர்புக்கிங்காம். கேட்ல கூப்பிட்டு, இங்க உக்காருங்கன்னுட்டாங்க."

அண்ணாச்சி வெகுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு ஆச்சி பக்கம் சாய்ந்து, "இதெல்லாம் அதிர்ஷ்டம். மிச்சம் பிடிச்சதா கணக்குல வராது" என்றார்.

"வராது, வராது. உங்க போர்வையையும் இங்க குடுங்க. நீங்க எப்படியும் தூங்கப் போறதில்ல" என்றார் ஆச்சி.