குளோபல் அண்ணன்

வெப்சைட் கட்டும் எந்த ஆபீஸிலும் ஒரு குளோபல் அண்ணன் இருப்பார். ஒளித்து வைப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ஃபங்ஷனுக்குள் பிறந்து ஃபங்ஷனோடு சாகவேண்டிய வேரியபிளைக்கூட ஃபைலின் தலைமாட்டில் கொண்டுவந்து வைப்பார். ஏன் அண்ணா என்றால், “நாளைக்கு யாருக்காவது வேணும்னா எங்க தம்பி போவாங்க?” என்பார். கல்யாண மண்டபக் கொடியில் கிடக்கும் துண்டு மாதிரி அவருடைய ‘டெம்ப்’. யார் வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் துடைத்தது யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

சில நாள் ‘வார்’ என்று எழுதவும் சோம்பல். எழுதாவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கோபித்துக்கொள்ளாது, சத்தமில்லாமல் குளோபலாக்கிவிடும். 1995இல் 10 நாளில் அவசரமாக உருவான மொழி அல்லவா, அதற்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகும்.

ஒருமுறை 10 பில்லுக்கு ‘ஐ’ வைத்து லூப் போட்டார். பில்லுக்கு மூன்று பொருள். அவற்றைக் கூட்டும் ஃபங்ஷனிலும் அதே ‘ஐ’. உள்ளே போன ‘ஐ’ மூன்றாகத் திரும்பும், வெளியே நாலாகும், மறுபடி உள்ளே போய் மூன்றாகும். பத்தை எப்படி எட்டும்? பக்கம் உறைந்து நின்றது. அண்ணன் தீர விசாரித்துச் சொன்னார்: “ரேம் பத்தலை.” ஜூனியர் பெண் இரண்டு லூப்பிலும் ‘லெட்’ சேர்த்தாள், ஓடியது. “ரேம் போட்டுட்டாங்க போல.”

வாடிக்கையாளர் பட்டியலுக்கு அவர் வைத்த பெயர் ‘நேம்’. அந்தப் பெயரில் பிரவுசரின் விண்டோவுக்கே ஏற்கெனவே ஒன்று உண்டு. எதைப் போட்டாலும் எழுத்துகளாகக் கோத்துவிடும். மூன்று பேரைப் போட்டு எண்ணச் சொன்னால் 21 என்றது, கமாவையும் சேர்த்து. “பிசினஸ் வளருது” என்று பூரித்தார்.

‘லெட்’டும் ‘கான்ஸ்ட்’டும் 2015லேயே வந்துவிட்ட சேதி தாமதமாகத்தான் எட்டியது. உடனே ஒரே அழுத்தில் எல்லா ‘வார்’களையும் ‘கான்ஸ்ட்’ ஆக்கினார். சைட் படுத்தது. இன்னொரு அழுத்து, எல்லாம் ‘லெட்’. இருந்த இடம் மட்டும் அதே தலைமாடு.

போன வாரம் ஜூனியர் பெண் ஃபைலின் முதல் வரியாக ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ சேர்த்தாள். அறிவிக்காத வேரியபிள்களை 2009லிருந்து பிடித்துக்கொடுக்கும் வரி அது. வரிசையாகச் சிவப்பு எரர். அண்ணன் பதறவில்லை; அந்த வரியை அழித்தார். சைட் ஓடியது. மானேஜர் வந்து தோளில் தட்டினார்: “சீனியர்னா சீனியர்தாம்பா!”