தர்மக் கடை

வீடியோ காலில் அம்மா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கழுத்துப்பட்டியைத்தான் பார்ப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் 22 வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கண் அது. நான் சாப்பிட்டேனா, இளைத்தேனா என்பதெல்லாம் அப்புறம்தான்.

"கண்ணு, அந்தத் தோள்பட்டைத் தையல் ஓடியிருக்குது பாரு. எந்தக் கடையில எடுத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னவோ உண்மை வந்துவிட்டது.

"சாரிட்டி ஷாப்லம்மா. சனங்க பழைய துணிமணியத் தானமாக் கொண்டுவந்து குடுப்பாங்க. அத வித்து, வர்ற காசுல நல்ல காரியம் பண்ணுவாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தால், அம்மாவுக்குப் பின்னால் காலண்டர் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?" என்றார் அம்மா, மெதுவாக.

வேலை போகவில்லை. இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், மாதச் சம்பளத்தோடு நல்லபடியாக இருக்கிறோம். ஆனாலும் எனக்கு இப்போது பொழுதுபோக்கு மூன்று: அடுத்தவர் துணி போடுவது, வேலை வெட்டி இல்லாமல் காட்டில் நடப்பது, கொக்கி ஊசியால் நூல் பின்னுவது. இதை எங்கள் ஊரில் சொன்னால் சொந்தக்காரர்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அனுப்பிவைப்பார்கள்.

அம்மாவின் கவலை புரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் நான் பத்து வயது வரை போட்டதெல்லாம் பெரியப்பா மகளின் பாவாடைகள். இடுப்பில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருக்கும். நான் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத பழைய கலர் ஒரு வளையம் மாதிரித் தெரியும். மரத்தை வெட்டி வயசு பார்ப்பதுபோல என் பாவாடையை வைத்து வயசு சொல்லலாம். அம்மா சனிக்கிழமைச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் காதர்பேட்டையிலிருந்து சரக்கு வந்தது. எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான பீஸ்கள். எங்கள் தாத்தா கடைசிக் காலம் வரை மாடு மேய்த்தது, மார்பில் ஏதோ அமெரிக்கக் கல்லூரியின் பேர் போட்ட பனியனில். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். அது செகண்ட்ஸ்தான், ஆனால் யாரும் போட்டுக் கழித்ததல்ல. அந்த வித்தியாசம் அம்மாவுக்குக் கோயில் வித்தியாசம்.

இங்கே கதை வேறு. ஆக்ஸ்ஃபாம் என்று ஒரு அமைப்பு. இரண்டாம் உலகப் போரில் கிரீஸ் நாட்டில் பஞ்சம் வந்தபோது, அங்கே உணவு அனுப்பவேண்டும் என்று 1942-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சிலர் கூடி ஆரம்பித்தது. நன்கொடையாக வந்த பொருள்களை விற்க அதே ஊரில் பிராட் தெருவில் கடை போட்டார்கள். இன்றைக்கு எந்த ஊர்க் கடைத்தெருவிலும் நாய்க்கு ஒன்று, இதய நோய்க்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று என்று சாரிட்டி ஷாப்கள் வரிசையாக நிற்கின்றன. கல்லாவில் பெரும்பாலும் சம்பளம் வாங்காத பாட்டிமார்.

முதல்முறை போனபோது பழக்கதோஷத்தில் பேரம் பேசிவிட்டேன். பச்சைக் கம்பளிக் கோட்டு, எட்டு பவுண்டு. "ஆறுக்குத் தருவீங்களா?" என்றேன். கல்லாப் பாட்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இந்தக் காசு அநாதை நாய்களுக்குப் போகிறது என்றார். கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாய் வாயிலிருந்து இரண்டு பவுண்டைப் பிடுங்கியவளாக நின்றேன். பத்து கொடுத்து, மீதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பரம்பரையில் பேரம் பேசி விலையை ஏற்றிய ஒரே ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்து கோட்டுப் பையில் கை விட்டால் ஒரு இருமல் மிட்டாய், ஒரு பழைய பஸ் டிக்கெட், ஒரு சீட்டு. சீட்டில் சாய்ந்த கையெழுத்தில்: முட்டை, பூனைச் சாப்பாடு, தபால் தலை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் இரண்டு மூன்று வாரம் எனக்குத் தபால் தலை வாங்கவேண்டும் போலவே இருந்தது. ஒருநாள் வாங்கியும்விட்டேன். எழுதத்தான் ஆள் இல்லை. இந்தக் கடைகளுக்கு வரும் துணிகளில் ஒரு பங்கு, ஒருவர் காலமானபின் பிள்ளைகள் வீட்டை ஒழித்துக் கொண்டுவந்து போடுவது. இதை அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையும் காட்டப்போவதில்லை.

கொக்கிப் பின்னல் வந்தது ஒரு குளிர்காலத்தில். நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் மனுஷி என்னதான் செய்வாள்? நூலகத்தில் வியாழக்கிழமை தோறும் நூலும் ஊசியுமாகக் கூடி ஊர்க்கதை பேசும் கூட்டம் ஒன்று இருந்தது. கதைக்காகப் போனேன், ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நம்மூரில் இதைக் குரோஷா என்போம். எண்பதுகளில் டயனோரா டிவியின் தலையிலும் ஃப்ரிட்ஜின் தலையிலும் கிடந்த வெள்ளை வலைத்துணி நினைவிருக்கிறதல்லவா, அதுதான்.

திருப்பூர்க்காரிக்குப் பின்னல் புதிதா என்று இறுமாப்போடு உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஒரு நிட்டிங் மெஷின் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிலோ துணியைத் தள்ளும். அந்த மெஷின்களுக்கெல்லாம் பாட்டன் பிறந்தது ஷெஃபீல்டுக்குப் பக்கத்து மாவட்டத்தில். நாட்டிங்ஹாம்ஷயர் பாதிரியார் வில்லியம் லீ 1589-இல் செய்த காலுறைப் பின்னல் சட்டகம் அது. ஆனால் இந்த ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலைச் செய்ய இன்றுவரை எந்த மெஷினும் தொழிற்சாலைக்கு வந்து சேரவில்லை. மலிவுக் கடையில் குரோஷா சட்டை தொங்கினால், எங்கோ ஒரு பெண் விரலால் கண்ணி கண்ணியாக இழுத்தது என்று அர்த்தம். அந்த விலையில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் சட்டை வாங்க மனசு வராது.

எனக்கு வந்த சிக்கல் மொழியில். பிரிட்டனில் "டபுள்" என்றால் குட்டையான கண்ணி. அமெரிக்காவில் அதே "டபுள்" உயரமான கண்ணி, இங்கே அதற்குப் பேர் "ட்ரெபிள்". இரண்டு நாடும் ஒரே ஊசியை வைத்துக்கொண்டு இப்படிப் பேர் வைத்திருப்பது தெரியாமல், வியாழக்கிழமை பிரிட்டிஷ் பாட்டிகளிடம் கற்றதை வெள்ளிக்கிழமை அமெரிக்க யூட்யூபைப் பார்த்துப் பின்னினேன். வீட்டுக்காரருக்குக் குல்லாய். முடிந்தபோது இட்லி அளவில் இருந்தது. அவர் நல்ல மனுஷர், அதை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தார். "வழுக்கை மட்டும் மறையுது, கச்சிதம்" என்றார். இப்போது அது தேநீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் இருக்கிறது.

இந்த நிலையில்தான் போன மே மாதம் அம்மா வந்து இறங்கினார், மகள் வாழும் லட்சணத்தைப் பார்க்க.

வந்த மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்து என் துணிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிசிறு வெட்டினார். பட்டன் மாற்றினார். எல்லாம் முடிந்து கட்டிலில் உட்கார்ந்து, "ஊரான் துணி, கால்நடை, ராத்திரியெல்லாம் கண்ணு நோகக் கைவேலை. இதெல்லாம் உனக்கு வேண்டாம்னுதான நான் 22 வருசம் நின்னது? பஸ்ஸேறி, பிளேனேறி வந்து இதையேவா பண்ணுறே?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். பூமி சூடாகிறது, துணிக் குப்பை மலைபோல் குவிகிறது என்று தொடங்கினேன். "குப்பையா? எங்க கம்பெனி வேஸ்ட்ல ஒரு நூலுகூடக் குப்பைக்குப் போகாது, லாரிப் பட்டறை வரைக்கும் போகும். எனக்கே நீ சொல்றியா?" என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கக் கூட்டிப்போனேன். ஷெஃபீல்டிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போனால் ஈடேல். பீக் மாவட்டத்தின் மலைக்கிராமம். அம்மா சுங்குடிச் சேலை, என் ஸ்வெட்டர், சாக்ஸ், சாக்ஸுக்கு மேல் ரப்பர் செருப்பு. தூக்குவாளியில் புளிசாதம்.

"இந்தப் பாதை எங்க போகுது, கண்ணு?"

"சுத்திட்டுத் திரும்ப இங்கயேதாம்மா வரும்."

"அப்ப இங்கயே உக்காந்துக்கலாமே?"

எட்டு கிலோமீட்டர் சுற்றில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வயல்களுக்கு நடுவே ஆளே தள்ளினால்தான் திறக்கும் ஒரு வகைக் கதவு உண்டு. கம்பத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுவிட்டுப் போவதால் அதற்கு "கிஸ்ஸிங் கேட்" என்று பேர். அம்மாவிடம் வெறும் கேட் என்றேன். ஒரு வயலில் கன்றோடு மாடுகள் பாதையை மறித்து நின்றன. கன்று இருக்கும் மாட்டிடம் நெருங்காதே என்று இங்கே நடப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் வேலியோரம் ஒதுங்கினேன், எங்களுக்குப் பின்னால் வந்த, மலையேறும் கம்பு பிடித்த தம்பதியும் ஒதுங்கினார்கள். அம்மா மட்டும் "ஹேய், அக்கட்டப் போ" என்று முந்தானையை உதறினார். மாடுகள் போய்விட்டன. கொங்குத் தமிழ் டெர்பிஷயர் மாட்டுக்குப் புரிகிறது.

மேலே கிண்டர் மலை தெரிந்த இடத்தில் புளிசாதத்தைப் பிரித்தோம். ஒரு காலத்தில் அந்த மலைமேல் பெரும் பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக யாரையும் விடாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி, மில்களில் பட்டறைகளில் வேலை செய்த பையன்கள் நானூறு பேர் அளவில் கூடி அத்துமீறி ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பு, ஐந்து பேருக்குச் சிறை. முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயசு இருபது. பீக் மாவட்டம் 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது.

"ஞாயித்துக்கிழமை நடக்கறதுக்கு செயிலுக்குப் போனாங்களா?" என்று அம்மா சிரித்தார். பிறகு கையிலிருந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஊர்லயும் சில தெருவுல சில பேரு நடக்க முடியாது. செருப்பைக் கைல எடுத்துக்கோணும்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. ஊறுகாய் கேட்டார்.

திரும்பும்போது காற்று அடித்த அடியில் அம்மாவின் பற்கள் தந்தியடித்தன. மறுநாள் வேறு வழியில்லாமல் தர்மக் கடைக்கு வந்தார். அப்படித்தான் அதற்குப் பேர் வைத்திருந்தார். "தர்மக் கடைன்னா சும்மாதான குடுக்கோணும்?" என்று வாசலிலேயே ஒரு கேள்வி. உள்ளே போனதும் கை தானாக வேலையைத் தொடங்கியது. ஹேங்கரிலிருந்து எடு, உள்பக்கம் திருப்பு, தையலை இழு, வெளிச்சத்துக்கு நேரே பிடி, அடுத்தது. கல்லாப் பாட்டி முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார். அம்மா ஒரு ஜம்பரின் அக்குளில் இருந்த ஓட்டையைத் தொட்டுக் காட்டி "டேமேஜ்" என்றார். ஒரு டி-ஷர்ட்டின் லேபிளைக்கூடப் பார்க்காமல் "நம்மூரு" என்றார். நான் திருப்பிப் பார்த்தேன், மேட் இன் இந்தியா. அரைமணி நேரத்தில் ஆறு பீஸ் ரிஜெக்ட். பாட்டி என்னைத் தனியே கூப்பிட்டு, உங்கள் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வர முடியுமா என்று கேட்டார். சம்பளம் கிடையாது என்று மொழிபெயர்த்தேன். "அதான பாத்தேன்" என்றார் அம்மா.

தனக்கென்று ஒரு ஊதாக் கம்பளிக் கோட்டு எடுத்தார். தையல் சுத்தம், ஆறு பவுண்டு. வீட்டுக்கு வந்ததும் மஞ்சளைக் குழைத்து உள்பக்கம் கீழ் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்தார். பழைய கோட்டுக்கு எதுக்கும்மா மஞ்சள் என்றேன். "எனக்கு இன்னிக்குத்தான வந்துது?" என்றார்.

ஜூலையில் ஊருக்குக் கிளம்பும்போது, திருப்பூர் வெயிலில் கோட்டு எதற்கு, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டுபோனேன். பாட்டி அம்மாவின் பாணியிலேயே உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பொட்டைத் தொட்டு, "டேமேஜ்" என்றார். விற்க முடியாது, கந்தல் மூட்டையில்தான் போடவேண்டும்.

கந்தல் மூட்டைகள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டுப் பழைய கம்பளித் துணியில் ஒரு பகுதி ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போய், கிழிபட்டு நூலாகி, போர்வையாகிறது. அந்த வித்தையைத் தொடங்கி வைத்ததே ஷெஃபீல்டு இருக்கும் இதே யார்க்ஷயர்தான். 1813-இல் பாட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா. அப்படியென்றால் அம்மாவின் கோட்டு அம்மாவுக்குப் பின்னாலேயே இந்தியா போகும், அம்மாவைவிட மலிவாக. போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை கோட்டை விடவில்லை. நாய்க்கு இரண்டு பவுண்டு போட்டுவிட்டுக் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

இப்போது வாசல் கொக்கியில் என் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் குளிருக்கு அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு பையில் கை விட்டேன். ஏதோ ரயிலடி டீக்கடையில் இலவசமாக வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்கள், பதினொன்று.