நாய்க் கொரோனாவில் ஓர் இடைச்செருகல்

எங்கள் குட்டியின் தடுப்பூசிப் புத்தகத்தில் டாக்டர் 'நைன் இன் ஒன்' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். பட்டியலில் 'கொரோனா' என்றும் இருக்கிறது. மனிதர்களுக்குப் போட்டு மிச்சமானதை நாய்க்குக் குத்திவிட்டார்களோ? (தேனி வாசகி)

சந்தேகம் நியாயம்தான், நாம் பார்க்காத மிச்சமா! ஆனால் இது நாய்க்கென்றே உள்ள கொரோனாவுக்கான ஊசி. அந்த வைரஸ் நம்முடையதைவிட ரொம்ப சீனியர். 1971-ல் ஜெர்மனியில் ராணுவக் காவல் நாய்களுக்குக் கூட்டமாக வயிற்றுப்போக்கு வந்தபோது பிடிபட்டது. கோவிட் வைரஸ் 'பீட்டா' தெரு, இது 'ஆல்ஃபா' தெரு. ஊர் ஒன்றுதான், போக்குவரத்து கிடையாது.

அப்படியானால் அந்த ஊசி அவசியம்தானே? (கரூர் வாசகர்)

பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநாய்க்கடி ஊசிகள் அவசியம். கொரோனா ஊசி, பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்து வரும் குழந்தை மாதிரி. தனி டிக்கெட் எடுத்து ஏற்ற வேண்டியதில்லை, கூட வந்தால் வரட்டும். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே இதைப் பரிந்துரைப்பதில்லை. ஊசி எவ்வளவு காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. வளர்ந்த நாய்க்கு இந்த நோய் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஆபத்து, குட்டிக்குப் பார்வோவும் இதுவும் சேர்ந்து வரும்போதுதான். அப்போது இளநீர், மோர் என்று கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

வாக்கிங் போனால் எங்கள் லேப்ரடார் ஒரு மின்கம்பத்தையும் விடுவதில்லை. மாஸ்க் போட்டுவிடலாமா? (சேலம் வாசகர்)

போடுங்கள், இரண்டு நிமிடத்தில் தின்றுவிடும். வயிற்றுக் கொரோனா பரவுவது கழிவு வழியாக, வாய்க்குள். கம்பத்தைவிட, பல நாய்கள் ஒன்றாக அடைபட்டிருக்கும் இடங்களில்தான் கவனம் வேண்டும். நல்ல செய்தி: இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சாதாரண சோப்புக்கே கரைந்துவிடும். பார்வோவுக்கு அந்த உறை இல்லை. பிளீச்சிங் பவுடரை எடுத்தால்தான் மசியும்.

நாய் இருமினாலும் கொரோனாவா? (நாகர்கோவில் வாசகி)

இருக்கலாம். அது வேறு ஆள். 2003-ல் லண்டனில் ஒரு நாய்கள் காப்பகத்தில் கண்டுபிடித்தார்கள். மாட்டுக் கொரோனாவுக்கும், நமக்குச் சளி பிடிக்க வைக்கும் ஓசி43-க்கும் நெருங்கிய பங்காளி.

கோவிட் நம்மிடமிருந்து நாய்க்குப் போனதா இல்லையா? மழுப்பாமல் சொல்லவும். (மதுரை வாசகர்)

போனது. 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 17 வயது பொமரேனியன் ஒன்றுக்கு லேசாக பாசிட்டிவ் வந்தது. ஆனால் சீனாவின் ஹார்பினில் சோதித்துப் பார்த்ததில், நாய்க்குள் அந்த வைரஸ் சரியாக வளரவில்லை. பூனைக்குள் நன்றாக வளர்ந்தது. பூனை ஜாதியின் பெரியண்ணனைத்தான் நாமே பார்த்தோமே: 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கம் இறந்துபோனது.

வைரஸ் 'உருமாறுகிறது' என்கிறார்களே, நாய்க் கொரோனா எப்படி மாறுகிறது? என் மரமண்டைக்குப் புரியும்படி சொல்லுங்கள். (தஞ்சாவூர் வாசகர்)

தஞ்சாவூர்க்காரருக்கு ஓலைச்சுவடியை வைத்தே சொல்கிறேன். கொரோனாவின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 30,000 எழுத்துள்ள ஒரு சுவடி. செல்லுக்குள் அதைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை வரும். மற்ற பல ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: கூடவே ஒரு பிழை திருத்துபவர். அதனால் பிழைகள் கொஞ்சம் குறைவு.

பெரிய விளையாட்டு இனிமேல்தான். ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்தால் இரண்டு சுவடிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். படியெடுப்பவர் ஒன்றில் பாதி எழுதிவிட்டு, கண் தவறி மற்றதிலிருந்து மீதியை எழுதிவிடுவார். புலவர்கள் 'இடைச்செருகல்' என்று தலையில் அடித்துக்கொள்வார்களே, அதேதான்! நாய் வயிற்றுக் கொரோனாவின் இரண்டாம் வகையில் ஒரு கிளை, பன்றிக் கொரோனாவின் முள்புரதத் துண்டைச் செருகிக்கொண்டது. பூனைக் கொரோனாவின் இரண்டாம் வகையோ, நாயின் முள்ளை வாங்கிப் பிறந்தது. எந்தச் செல்லுக்குள் நுழைவது என்பதைத் தீர்மானிக்கும் சாவியே முள்தான். எழுத்துப்பிழை சாவியைக் கொஞ்சம் ராவுகிறது. இடைச்செருகல் பக்கத்து வீட்டுச் சாவிக்கொத்தையே தூக்கிவந்து விடுகிறது. நான் பயப்படுவதென்றால் இரண்டாவதற்குத்தான்.

சுற்றி வளைக்காதீர்கள். நாயிடமிருந்து நமக்கு வருமா? (புதுச்சேரி வாசகி)

ஒரு கதவு லேசாகத் திறந்து மூடியிருக்கிறது. மலேசியாவின் சரவாக்கில் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வந்த 301 பேரின் மாதிரிகளைச் சோதித்தார்கள். எட்டுப் பேரிடம் நாய்க் கொரோனாவின் தடயம். பெரும்பாலும் சிறு குழந்தைகள். 2021-ல் வெளியான அந்த ஆய்வு, ஒருவரிடமிருந்து எடுத்த வைரஸின் முழுச் சுவடியைப் படித்தது: நாய்ச் சரக்கு, நடுவே பூனைச் செருகல், ஒரு புரதத்துக்கான பகுதியில் 36 எழுத்து காணோம். 2017-ல் ஹெய்ட்டி போய்வந்த அமெரிக்க மருத்துவக் குழுவில் ஒருவரிடமும் ஏறக்குறைய இதே வைரஸ் இருந்தது. இடையில் எத்தனை கடல்! ஆனால் நிமோனியாவுக்கு இதுதான் காரணம் என்று நிரூபணம் இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்கும் சான்றில்லை. உங்கள் டாமியைக் கொஞ்சுங்கள், அப்புறம் கையைக் கழுவுங்கள். முகத்தை நக்க விடுவது அவரவர் இஷ்டம். நான் விடுவதில்லை, அதற்குக் காரணம் வைரஸ் அல்ல, வாய் நாற்றம்.

பூனை வளர்ப்பவள் நான். நாய் வைரஸ் பற்றி எனக்கென்ன கவலை? (கொழும்பு வாசகி)

சைப்ரஸ் தீவில் கேளுங்கள், சொல்வார்கள். கதை 2005-ல் தெற்கு இத்தாலியில், ஒரு பிராணிக் கடைக் குட்டிகளில் தொடங்குகிறது. குடலோடு நிற்கவேண்டிய நாய்க் கொரோனா அந்தக் குட்டிகளின் நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்க் கொன்றது. பதினெட்டு வருஷம் கழித்து, 2023-ல், சைப்ரஸில் தெருப் பூனைகளும் வீட்டுப் பூனைகளும் வயிறு வீங்கிச் செத்தன. பூனைக் கொரோனா வழக்கமாக ஒவ்வொரு பூனைக்குள்ளும் தனித்தனியாகத்தான் கெட்டுப்போய்க் கொல்லும், கொல்லும் வடிவம் அடுத்த பூனைக்குத் தொற்றுவது அபூர்வம். இங்கே தொற்றியது. சுவடியைப் பிரித்தால், பூனை வைரஸின் நடுவே நாயின் முள், அதுவும் அந்த இத்தாலிக் குட்டிகளின் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம்.

மருந்து? மனிதர்களின் கோவிட்டுக்கு வாங்கி, செலவாகாமல் அலமாரியில் கிடந்த மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த அரசு 2023 ஆகஸ்டில் அனுமதித்தது. தேனி வாசகி கவனிக்க: நீங்கள் கேட்ட மிச்சம் இதுதான்.