ஆயுள் காப்பு கட்டியவர்கள்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு வேசம் கட்டுவது லேசான காரியமில்லை. மாலை போட வேண்டும், விரதமிருக்க வேண்டும், காப்புக் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்க வேண்டும். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டால் காளியும் குரங்கும் பழையபடி மனுஷர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தை ஆண்ட பழைய செனட்டுக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அங்கி மாட்டிய பெரிய மனிதர்கள் விரதமும் இருக்கவில்லை, அவிழ்க்கவும் இல்லை. அது ஆயுள் காப்பு.

முதலில் கேட்டவர்கள் ஜனங்கள்தான். உயர்கல்வி வேண்டுமென்று 70,000 பேர் கையெழுத்திட்ட மனுவை, 1839 நவம்பர் 11ஆம் தேதி அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் நீட்டினார். இரண்டே மாதத்தில் ஒரு போர்டு அமைந்தது. சர்க்காரிடம் எதைக் கேட்டாலும் முதலில் கிடைப்பது போர்டுதானே! 1841ல் ஒரு ஹைஸ்கூல் வந்தது. பிரசிடென்சி கல்லூரிக்கு அதுதான் விதை. பல்கலைக்கழகத்துக்கோ கம்பெனியை மேற்பார்த்த மந்திரி சார்லஸ் உட் 1854ல் லண்டனிலிருந்து எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. சட்டம் நிறைவேறியது 1857 செப்டம்பர் 5. அன்றைக்கு டெல்லி சிப்பாய்கள் வசம். அந்தப் பக்கம் கோட்டையை உடைக்கப் பீரங்கி இழுத்துக்கொண்டே, இந்தப் பக்கம் கம்பெனியார் பரீட்சை விதி எழுதியிருக்கிறார்கள். மறுவருஷம் கம்பெனி ஆட்சி போயிற்று. பரீட்சை போகவில்லை.

வேந்தர் யார்? கவர்னர் ஹாரிஸ் பிரபு. துணைவேந்தர்? தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். இவர்களுக்குக் கீழே நீதிபதிகள், அதிகாரிகள், பாதிரிமார் என்று செனட். ஒருவர் உறுப்பினராகிவிட்டால் சாக வேண்டும், ராஜினாமா செய்ய வேண்டும், இல்லையேல் திரும்பி வரும் எண்ணமில்லாமல் இந்தியாவை விட்டுக் கப்பலேற வேண்டும். வேண்டாமென்றால் சர்க்காரே நீக்கலாம்தான். பெரிய மனிதரை யார் நீக்குவது? குறைந்தது இத்தனை பேர் என்று சொன்ன சட்டம் அதிகபட்சத்தைச் சொல்ல மறந்துவிட்டது. கேட்க வேண்டுமா? கவர்னர் யாரைக் குளிர்விக்க நினைத்தாலும் ஓர் இடம் தயார்.

இத்தனை பேரும் எதை ஆண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது: பரீட்சை வைப்பார்கள், பட்டம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். வகுப்பறை இல்லை, பேராசிரியர் இல்லை. சொந்தக் கட்டிடமும் இல்லாததால் 1879 வரை பட்டமளிப்பு நடந்தது விருந்து மண்டபத்தில். இன்றைய ராஜாஜி மண்டபம். திப்புவை ஜெயித்த குஷியில் கிளைவின் மகன் கட்டியது, வரைந்து கொடுத்தவர் கம்பெனியின் வானசாஸ்திரி கோல்டிங்காம். பிறகு சிஷோம் கட்டிய செனட் ஹவுஸ் வந்தது.

எங்கள் பக்கமும் ஒரு காப்பு கட்டியிருந்தது. தேரிக்காட்டைத் தாண்டி இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல், தன் ஒப்பிலக்கண நூலின் 1875ஆம் வருடப் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழக உறுப்பினர் என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டார். தூத்துக்குடிக்கு ரயில் வந்ததோ 1876ல். மனிதர் 1841ல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு நடந்தே வந்தவர்தான். அதற்காகச் செனட் கூட்டத்துக்கும் நடந்து போவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

வேசம் கட்டாதவர்கள் படித்தார்கள். 1858ல் முதல் பி.ஏ. தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம்பிள்ளையும் அவருடைய வாத்தியார் விசுவநாதபிள்ளையும். குருவும் சீடனும் ஒரே பரீட்சை! கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த அந்தச் சீடன் பிற்பாடு கலித்தொகையை அச்சேற்றினார். செனட் அச்சேற்றியது கேள்வித்தாள்.

ஒருவழியாக 1904ல் வைஸ்ராய் கர்சன் செனட்டுக்கு நூறு பேர் என்று வரம்பு கட்டி, ஆயுளை ஐந்து வருஷமாக நறுக்கினார். முதல் இந்தியத் துணைவேந்தராக எஸ். சுப்பிரமணிய ஐயர் வந்ததும் அந்த வருஷம்தான். வேந்தர் நாற்காலியில் மட்டும் கர்சனும் கை வைக்கவில்லை. கவர்னருக்கென்று 1857ல் போட்ட நாற்காலி அது. துணைவேந்தரை நியமிப்பது அதில் உட்காரும் கவர்னரா, மாநில அரசா என்ற சண்டையில், கிடப்பில் கிடந்த தமிழ்நாட்டு மசோதாக்களுக்காக 2025ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று.