பார்வைக்கு ஒரு கிட்டார்

எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் தோலில் வடு விழுந்த தக்காளி இரண்டாம் தரக் கூடைக்குப் போகும். மலையேறி வந்த எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அதே நீதிதான்.

பக்கத்து வீட்டுத் தம்பி தன் புதுக் கிட்டாரில் கைப்பேசி வெளிச்சத்தைப் பாய்ச்சி, கழுத்து சேருமிடத்தில் கடுகளவு பெயிண்ட் திரண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "திருப்பி அனுப்பிரலாம் அண்ணே!" கழுத்து வளைந்திருக்கிறதா, ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கிறதா, இழுத்த கம்பி சுருதிக்குத் திரும்புகிறதா என்றெல்லாம் பார்க்கவில்லை. அவை வெறும் வாசிப்பு சம்பந்தப்பட்டவை.

ஃபெண்டர் நிறுவனமோ 1995 முதல் புதுக் கிட்டாரை வேண்டுமென்றே உரசி, பெயிண்டை உதிர்த்து, கூடுதல் விலைக்கு விற்கிறது. கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயிண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விலையைக் குறைத்தால் வைத்துக்கொள்வதாகத் தம்பி கடைக்கு எழுதியிருக்கிறான். பதில் வருவதற்குள் வாசித்து வாசித்து, பெல்ட் பக்கிள் பட்டுப் பின்பக்கம் முழுக்க உரசியாகிவிட்டது.