குத்துப்பட்ட டொலர்

கேள்வி: மலாயாவில் உத்தியோகம் பார்த்த பாட்டனாரின் தகரப்பெட்டியில் 1902ஆம் ஆண்டு வெள்ளி டொலர் ஒன்று கிடைத்தது. முகமெங்கும் சீன எழுத்துக் குத்துகள். வெள்ளவத்தை நகைக்கடைக்காரர், “பழுதான காசு, உருக்குங்கோ” என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், கிருலப்பனை

பதில்: அவருக்குத் தெரிந்தது தராசு, சரித்திரத்துக்கு அவர் என்ன செய்வார், பாவம்! நின்ற கோலத்தில் காட்சிதரும் பிரித்தானியா தேவியின் சூலத்து நடுமுனையில், பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தரிசனம் தரும் ‘பி’ என்ற நுண்ணெழுத்து இருக்குமாயின், அது ஹொங்கொங், சிங்கப்பூர் வியாபாரத்துக்கென்று பம்பாய் அக்கசாலையில் அச்சடித்த நாணயமாகும். அரசாங்க முத்திரையைக் காட்டிலும் தம் கண்ணையும் காதையும் நம்பிய சீன வணிகர்கள், வெள்ளியின் தரத்தைச் சோதித்துத் திருப்தியுற்றபின் தத்தம் முத்திரையைக் குத்திக் கைமாற்றியபடியால், சில காசுகள் கிண்ணம்போல் குழிந்தே போயின. இத்தனை பேர் சாட்சிக் கையெழுத்திட்ட பத்திரம் நம் காணிக் கந்தோர்களிலும் அபூர்வம்!

அங்கே காசு சோதித்தவருக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரும், நம் கச்சேரியில் காசு எண்ணிய சிறாப்பரின் பெயரும் ஒரே அரபுச் சொல்லின் பேரப்பிள்ளைகள் என்பது உபரிச் செய்தி.

முன்பு குத்துப்பட்டதென்று ஒதுக்கிய சேகரிப்பாளருள் சிலர் இன்று அக்குத்துகளையே தேடுகின்றனர். ஆகவே போலிகளும் மலிந்துள்ளன. அசலின் நிறை 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. நிறுத்துப் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டு மட்டும் துலக்கிவிடாதீர்கள்.